விதையில்லாத வாழைக்குச் சுவரில்லாத செல்

2025 மே 4 அன்று டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தார். சம்பா மசூரியிலிருந்து ஹைதராபாதின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஆர்ஆர் தான் 100 ஒன்று. கமலா என்றும் அதற்குப் பெயர். எம்டியு 1010 ரகத்திலிருந்து டெல்லி பூசா நிறுவனம் உருவாக்கிய பூசா டிஎஸ்டி ரைஸ் 1 மற்றொன்று. இரண்டும் மரபணுத் திருத்தம் செய்யப்பட்டவை. பயிர்களின் மரபணுத் திருத்தத்துக்கு 2023-24 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதையும் அரசு அப்போது எடுத்துச் சொன்னது. பாராட்டும் எதிர்ப்பும் சேர்ந்தே எழுந்தன. விளைச்சல் உண்மையிலேயே கூடுமா, காப்புரிமை யாருடையது, விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் வாழை, மரவள்ளி, மஞ்சள் என்று கிழங்கும் கன்றும் கரணையும் நட்டுப் பிழைக்கும் தமிழக உழவர்கள் சார்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் எழுப்பவில்லை. நெல்லுக்குச் செய்ததை வாழைக்கும் அதே வழியில் செய்துவிட முடியுமா? முடியாது. வாழைக்கு வேறு வழி வேண்டும். இன்று தெரிந்த வழிகளில் மிகத் தெளிவானது, செல் சுவரை நீக்கிவிட்டு ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்புவது. புரோட்டோபிளாஸ்ட் வளர்ப்பு என்று பிளஸ் 2 தாவரவியல் பாடத்திலேயே இருக்கும் இந்த வேலைக்கு நம் பொது ஆராய்ச்சி நிறுவனங்களில் நிரந்தரமான இடமும் ஆளும் பணமும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நெல்லில் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் புரதத்தைக் கத்தரிக்கோல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கத்தரிக்கோலைச் செய்வதற்கான மரபணுவையும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவுக்கான மரபணுவையும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா மூலம் செடிக்குள் செலுத்துவதுதான் வழக்கம். அவை செடியின் குரோமோசோமிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டு விழுந்து, வேண்டிய மாற்றம் வந்தபின் அந்த அயல் மரபணுக்களுக்கு வேலையில்லை. நெல் தன் மகரந்தத்தையே ஏற்று விதை பிடிக்கும் பயிர். ஆகவே அடுத்த தலைமுறை நாற்றுகளில், மாற்றம் இருந்து அயல் மரபணு இல்லாதவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம். மெண்டலின் கணக்கு இங்கே உழவருக்குக் கைகொடுக்கிறது. வாழையில் இந்தக் கணக்கு செல்லாது. ரஸ்தாளி, பூவன், நேந்திரன், விருபாட்சி எல்லாமே மும்மடியங்கள். மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை. பழத்தில் விதை கிடையாது. பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை. எப்படியோ ஒரு கலப்பில் விதை எடுத்துவிட்டாலும், அதிலிருந்து முளைப்பது ரஸ்தாளியாக இருக்காது. அதன் வாரிசாக வேறு ஏதோ ஒரு வாழை வரும். உள்ளே போட்ட கத்தரிக்கோலை வெளியே எடுக்கும் வாசல் வாழையில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இது வெறும் ஊகமில்லை. நைரோபியில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் ஓர் அருமையான வேலையைச் செய்தார்கள். வாழையின் ‘பி’ மரபணுத் தொகுதிக்குள்ளேயே கீற்று நச்சுயிரியின் டிஎன்ஏ புதைந்து கிடக்கிறது. வறட்சி போன்ற நெருக்கடி வரும்போது அது விழித்து நோயாகிறது. அந்தப் புதைந்த பகுதியையே கிரிஸ்பர் என்ற கத்தரிக்கோல் முறையால் வெட்டி முடக்கினார்கள். நம் பூவன் தோட்டங்களிலும் கீற்று நச்சுயிரி பழகிப்போன தொல்லை என்பதால் இந்தச் செய்தி நமக்கு நெருக்கமானது. ஆனால் அவர்கள் உருவாக்கிய செடிகளில் வெட்டும் புரதத்தின் மரபணு அப்படியே தங்கிவிட்டது. இந்தியச் சட்டப்படி இது சிறிய விஷயமில்லை. 2022 மார்ச் 30 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஆணை, அயல் டிஎன்ஏ எதுவும் இல்லாத திருத்தப் பயிர்களுக்கு மட்டுமே, மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கு தருகிறது. அயல் டிஎன்ஏ தங்கிய வாழை, மரபணு மாற்றுப் பயிருக்குரிய நீண்ட பாதையில்தான் போயாக வேண்டும். அந்தப் பாதையில் இந்த நாட்டில் உணவுப் பயிர்கள் என்ன ஆயின என்பதை பி.டி. கத்தரிக்காயின் கதை சொல்லும்.

அப்படியானால் கத்தரிக்கோலின் மரபணுவை விட்டுவிட்டு, கத்தரிக்கோலையே உள்ளே அனுப்பினால் என்ன? புரதத்தையும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் சோதனைக் குழாயிலேயே ஒன்று சேர்த்துச் செல்லுக்குள் விட்டால், அது வேலையை முடித்துவிட்டுச் சில நாட்களில் தானே சிதைந்துவிடும். குரோமோசோமில் ஒட்டுவதற்கு எதுவும் இருக்காது. தடையாக நிற்பது செல் சுவர் மட்டுமே. அதன் இடைவெளிகள் சில நானோமீட்டர் அளவுதான். இவ்வளவு பெரிய புரதக் கூட்டு அதில் நுழையாது. சுவரை நீக்கினால் நுழையும். 2015இல் தென் கொரிய ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். லெட்யூஸ் கீரையின் சுவரற்ற செல்களுக்குள் இந்தக் கூட்டைச் செலுத்தி, அவற்றிலிருந்து முழுச் செடிகளை எழுப்பினார்கள். அவற்றில் 46 சதவீதம் வரை வேண்டிய மாற்றம் இருந்தது. பின்னர் சுவீடனின் வேளாண் பல்கலைக்கழகம் உருளைக்கிழங்கில் மாவுச்சத்தின் தன்மையை இதே முறையில் மாற்றியது. இத்தாலியில் வெரோனா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய குழுவினர் ஷார்டோனே திராட்சையின் சுவரற்ற செல்களிலிருந்து நோய் தாங்கும் கொடிகளை எழுப்பி 2024இல் வயலில் நட்டார்கள். உருளைக்கிழங்கும் திராட்சையும் விதை வழியே பெருக்கப்படாத பயிர்கள் என்பதைக் கவனியுங்கள். நெல்லுக்குக் கிடைத்த வசதி இல்லாத பயிர்களுக்கு உலகம் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

சுவரை நீக்கும் வேலை கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும் அதன் முதல் பாதி எளிமையானது. 1892இல் கிளெர்க்கர் என்பவர் ஒரு நீர்த்தாவரத்தின் இலையை அடர்ந்த கரைசலில் இட்டு, உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் சுவரைவிட்டுச் சுருங்கியபின் வெட்டிச் சில செல்களை வெளியே எடுத்தார். கையால் செய்த அந்த வேலையில் கிடைத்தவை சொற்பம். 1960இல் நாட்டிங்காமில் எட்வர்ட் காக்கிங், ஒரு பூஞ்சை சுரக்கும் செல்லுலேஸ் நொதியைக் கொண்டு தக்காளி வேர்நுனியின் செல் சுவரைக் கரைத்தார். 1968இல் ஜப்பானின் இட்டாரு தகேபேயும் உடனிருந்தோரும் கடையில் வாங்கிய நொதிகளாலேயே புகையிலை இலையிலிருந்து இலட்சக்கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். இன்று ஆய்வகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் இலையைப் புது பிளேடால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக அரிகிறார்கள். நாலைந்து இலை அரிந்ததும் பிளேடை மாற்றிவிட வேண்டும். மழுங்கினால் ஓரத்துச் செல்கள் நசுங்கிப்போகும். கீற்றுகளை நொதிக் கரைசலில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, இருட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால் கரைசல் மெல்லப் பச்சையாகும். 75 மைக்ரோமீட்டர் கண் உள்ள நைலான் வலையில் வடிகட்டி, மையவிலக்கியில் மிக மெதுவாகச் சுழற்றினால் அடியில் பச்சையாகப் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் உருண்டை. இலைக்குள் இருந்தபோது நீண்டும் கோணலாகவும் இருந்த செல்கள் சுவர் போனதும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. விளிம்பெங்கும் பசுங்கணிகங்கள் அடுக்கி நிற்கும். வெறும் தண்ணீரில் விட்டால் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். அதனால் எல்லாக் கரைசலிலும் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உரிய அளவில் இருந்தாக வேண்டும். பிப்பெட்டின் முனையைக்கூட வெட்டி அகலமாக்கிக்கொள்கிறார்கள், குறுகிய துவாரத்தில் இழுபட்டு உடையாமல் இருக்க.

இதில் நம்மூர் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது. செல் சுவரைக் கரைக்க உலகெங்கும் வாங்கப்படும் ஒனோசுகா ஆர்-10 என்ற செல்லுலேஸ், டிரைகோடெர்மா விரிடி என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவது. வாழை வாடலுக்கும் வேர் அழுகலுக்கும் தொழு உரத்தோடும் வேப்பம்பிண்ணாக்கோடும் கலந்து நம் உழவர்கள் தூருக்கு இடும் டிரைகோடெர்மா விரிடி அதே பெயருள்ள பூஞ்சைதான். தூளாக அதைத் தயாரிக்கும் திறமை கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் எத்தனையோ சிறு தொழிற்கூடங்களிலும் இருக்கிறது. ஆய்வகத் தரத்தில் நொதியாகப் பிரித்தெடுப்பது வேறு நிலை வேலை என்பது உண்மைதான். ஆனாலும் எட்டாத வேலை இல்லை. கிராம் கணக்கில் இறக்குமதிக்குக் காத்திருக்கும் ஆய்வகம் தினசரிப் பயிற்சி செய்யாது. பயிற்சி இல்லாமல் இந்தக் கலை கைவராது.

உண்மையான சிரமம் அடுத்த பாதியில் வருகிறது. சுவரை இழந்த செல் ஓரிரு நாளில் புதுச் சுவரைக் கட்டிக்கொள்ளத் தொடங்கும். பிறகு அது பிரிய வேண்டும். பிரிந்து சிறு திரளாகி, கேலஸ் என்ற வடிவற்ற திசுவாகி, தண்டும் வேரும் விட வேண்டும். தகேபே, லாபிப், மெல்ஷர்ஸ் மூவரும் 1971இல் புகையிலையில் இதைச் சாதித்தபோது, ஒரே ஒரு இலைச் செல் முழுச் செடியாகும் முழுஆக்குத்திறன் கண்முன் நிரூபணமானது. ஆனால் புகையிலை தந்த விடையை எல்லாப் பயிரும் தரவில்லை. நெல் 1985 வரை காத்திருக்க வைத்தது. பருப்பு வகைகளில் பல இன்றும் பிடிவாதமாக நிற்கின்றன. அதற்குள் 1987இல் நுண்துகள்களைச் சுட்டு மரபணுவைச் செலுத்தும் கருவி வந்தது; 1994இல் நெல்லில் அக்ரோபாக்டீரியம் முறை நிலைபெற்றது. மாதக்கணக்கில் கண்விழித்துச் செல்லைக் காக்கும் வேலைக்கு இனி அவசியமில்லை என்று ஆய்வுலகம் நினைத்தது. புரோட்டோபிளாஸ்ட் பல இடங்களில் மரபணுவைச் சோதித்துப் பார்க்கும் இடைக்காலக் கருவியாகச் சுருங்கியது. அந்தப் பயனும் சிறிதல்ல. எந்த வழிகாட்டி ஆர்என்ஏ சரியாக வெட்டுகிறது என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். ஆனால் செடியாக எழுப்பும் அனுபவம் கைமாறாமல் அந்தத் தலைமுறையோடு மெலிந்துபோனது. இப்போது கத்தரிக்கோல் கூர்மையாகி வந்து நிற்கும்போது அதைப் பயன்படுத்தும் செல்லை வளர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. வெட்டும் கருவியைப் பற்றியே அதிகம் பேசப்படுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

வாழையில் இது முடியும் என்பதற்கு மூன்று பதிற்றாண்டு பழைய ஆதாரம் உண்டு. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் 1993இல் வாழையின் சுவரற்ற செல்களிலிருந்து செடிகள் எழுப்பப்பட்டன. இலைச் செல்லைக் கொண்டு அல்ல; கருத்தன்மை கொண்ட செல்களைத் திரவத்தில் வளர்த்து, அவற்றின் சுவரை நீக்கி. அந்தச் செல்கள் தனியாக விட்டால் பிரிவதில்லை. அடர்த்தியாக விதைக்க வேண்டும், அல்லது பக்கத்தில் வேறு உயிர்ச்செல்களைத் துணைக்கு வைக்க வேண்டும். இத்தகைய செல் வளர்ப்பைத் தொடங்க வழக்கமாக எடுப்பது வாழைப்பூவின் உள்மடல்களில் இருக்கும் இளம் ஆண் பூக்கள். நாம் பொரியலுக்கு ஆயும்போது எட்டும் அளவுக்கும் உள்ளே, வெள்ளையாக, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பருவத்தில் அவற்றை எடுத்து வளர்க்கிறார்கள். நூற்றுக்கணக்கில் வைத்தால் சிலவே வேண்டிய திரளைத் தரும். அதற்கும் மாதங்கள் ஆகும். ரகத்துக்கு ரகம் குணம் வேறு. கேவண்டிஷ் வகையான கிராண்ட் நைனுக்குச் சரிப்பட்ட வளர்ப்பு ஊடகம் ரஸ்தாளிக்குச் சரிப்படும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஏற்றுமதிச் சந்தைக்காகக் கேவண்டிஷ் வாழையில் செய்துவிட்டால் நமக்கும் வந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. விருபாட்சிக்காகவும் பூவனுக்காகவும் உலகில் வேறு யாரும் உட்கார்ந்து ஊடகம் கலக்கப் போவதில்லை. திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் மண்ணில் இருக்கிறது. அங்கே இது நடக்காவிட்டால் எங்கும் நடக்காது.

எதிர்வாதங்கள் பலமானவை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஏற்கெனவே தோற்ற தொழில்நுட்பம் என்பது முதலாவது. 1978இல் ஜெர்மனியின் டூபிங்கனில் மெல்ஷர்ஸ் குழு உருளைக்கிழங்கின் சுவரற்ற செல்லையும் தக்காளியின் சுவரற்ற செல்லையும் இணைத்து ‘பொமாட்டோ’வை உருவாக்கியது. மேலே தக்காளி, கீழே கிழங்கு என்று உலகம் கனவு கண்டது. வயலுக்கு வரத்தக்க பயிர் எதுவும் அதிலிருந்து வரவில்லை. தொலைதூர இனங்களின் முழு மரபணுத் தொகுதிகளைக் கலந்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை என்ற பாடம் கிடைத்தது. அந்தக் கனவைப் பொறுத்தவரை விமர்சகர்கள் சொல்வது சரி. ஆனால் அதே இணைப்பு முறை வேறொரு இடத்தில் நிலையான பயனைத் தந்தது. ஜப்பானின் ஒகுரா கண்டறிந்த முள்ளங்கியின் ஆண் மலட்டுத்தன்மையைக் கடுகுக் குடும்பப் பயிர்களுக்குக் கொண்டுவந்தபோது, குளிரில் இலைகள் வெளிறின. முள்ளங்கியின் பசுங்கணிகம் புதிய உட்கருவோடு ஒத்துப்போகாததே காரணம். 1983இல் பிரான்சின் பெலெத்தியே குழு சுவரற்ற செல்களை இணைத்து, முள்ளங்கியின் மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக்கொண்டு பசுங்கணிகத்தை மட்டும் மாற்றியது. ஐரோப்பாவின் கலப்பின முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ரேப் விதை உற்பத்தியில் அந்த வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் நாட்டிலேயே, மொரிகாண்டியா என்ற காட்டுச் செடியின் வழி வந்த ஆண்மலட்டுக் கடுகில் இதே வெளிறல் நோயைப் பசுங்கணிகத்தை மாற்றித் தீர்த்த ஆய்வை டெல்லி விஞ்ஞானிகள் 1998இல் வெளியிட்டார்கள். நமக்கு இந்தக் கலை புதிதும் இல்லை, அந்நியமும் இல்லை. தொடர்ந்து செய்யவில்லை என்பதே குறை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. ஒற்றைச் செல்லிலிருந்து எழும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று உறுதியில்லை. அமெரிக்காவில் ஷெப்பர்ட் 1980இல் ரஸ்ஸெட் பர்பாங்க் உருளைக்கிழங்கின் சுவரற்ற செல்களிலிருந்து எழுப்பிய செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு நின்றன. அதை அவர் புதிய ரகங்களுக்கான ஊற்றாகப் பார்த்தார். 2019இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு, இப்படி எழுப்பிய உருளைக்கிழங்குச் செடிகளில் குரோமோசோம்களின் எண்ணிக்கையும் துண்டுகளும் பரவலாக மாறியிருப்பதை வரிசைப்படுத்திக் காட்டியது. ரஸ்தாளியைக் காப்பாற்றக் கிளம்பி, ரஸ்தாளி அல்லாத ஒன்றைக் கையில் கொடுத்தால் உழவர் மன்னிக்க மாட்டார். சாதாரணத் திசு வளர்ப்பு வாழையிலேயே குட்டையும் மாறுகுணமும் வந்து நஷ்டப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. மும்மடிய வாழையில் ஒரு குரோமோசோம் கூடினாலும் குறைந்தாலும் உடனே வெளியில் தெரியாமல் மறைந்திருக்கும் ஆபத்தும் இருக்கிறது. இந்த எதிர்ப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஆனால் அது சொல்வது கைவிடச் சொல்லியா, அல்லது நிறையச் செய்து கடுமையாகச் சலிக்கச் சொல்லியா என்று யோசிக்க வேண்டும். வாழையின் மரபணுத் தொகுதி 2012 முதல் வரிசைப்படுத்தப்பட்டுக் கையில் இருக்கிறது. நூறு செடிகள் எழுந்தால் குரோமோசோம் நிலையைப் பார்த்துத் தொண்ணூறைத் தூக்கி எறியலாம். எஞ்சியதை நட்டு, தாய் மரத்தோடு மறுதாம்பு வரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐந்து செடி எழுப்பவே திணறும் ஆய்வகத்தால் இப்படிச் சலிக்க முடியாது. கிடைத்ததைக் கொண்டாடத்தான் தோன்றும். ஆகவே தரத்துக்கான கவலையே இந்தத் திறமையைப் பெருக்கச் சொல்லும் காரணமாகிறது.

மூன்றாவது, நம்பிக்கை பற்றியது. ‘அயல் டிஎன்ஏ இல்லை’ என்பதை அறிவியலாளர் சொன்னால் போதுமா? போதாது என்பேன். சுவீடனில் உருளைக்கிழங்கு ஆய்வில், வழிகாட்டி ஆர்என்ஏவை டிஎன்ஏ அச்சிலிருந்து படியெடுத்துப் பயன்படுத்திய செடிகள் பலவற்றில் வேண்டாத டிஎன்ஏ துண்டுகள் குரோமோசோமில் ஒட்டியிருந்தன; வேதிமுறையில் செய்த ஆர்என்ஏவைப் பயன்படுத்தியபோது அந்தச் சிக்கல் வரவில்லை. செய்தவர்களே பார்த்து, செய்தவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மைதான் வேண்டும். ஐரோப்பியச் சட்டம், இயற்கையாகக் கலக்க முடியாத இனங்களின் செல் இணைப்பை மரபணு மாற்றம் என்றே வகைப்படுத்தி, கலக்கக்கூடிய இனங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறது. அந்த விலக்கையும் ஏற்காத இயற்கை வேளாண் அமைப்புகள் ஜெர்மனியில் உண்டு. செல் இணைப்பில் வந்த கலப்பின விதையை அவை தம் உறுப்பினர்களுக்குத் தடைசெய்கின்றன. நம் 1989 விதிகளும் செல் கலப்பை மரபணுத் தொழில்நுட்பத்துக்குள் சேர்த்தே பேசுகின்றன. எனவே செல்லைச் சுவர் நீக்கி வளர்ப்பது தன்னளவில் எதற்கும் விலக்குச் சீட்டாகிவிடாது. உள்ளே என்ன செய்தோம் என்பதே கணக்கு. திருத்திய வாழையின் முழு வரிசைத் தரவையும், எத்தனை செடி எழுந்தது, எத்தனை கழிந்தது, ஏன் கழிந்தது என்பதையும் பொதுவில் வைக்க வேண்டும். 2025இல் இத்தாலியின் அந்தத் திராட்சைக் கொடிகளை இரவில் யாரோ வெட்டிப் போட்டார்கள். தரவை வெட்டிப் போட முடியாது; அதன்மேல் நின்று வாதிடத்தான் முடியும். எதிர்ப்பவர்களும் அதைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் போவானேன், நல்ல நோயற்ற கன்றைக் கொடுத்துச் சாகுபடி முறையைச் சீராக்கினால் போதாதா என்று கேட்போரும் உண்டு. முடிக்கொத்து நோயால் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் அழிவின் விளிம்புக்குப் போன விருபாட்சியை நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மீட்க கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் எடுத்த முயற்சி, அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு என்பதற்குச் சான்று. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த பழம் அது. அந்த வேலை முதலில் நடக்க வேண்டும், நிற்காமல் நடக்க வேண்டும். ஆனால் எல்லா நோயும் கன்றோடு வருவதில்லை. பனாமா வாடலின் பூஞ்சை மண்ணில் பல பதிற்றாண்டுகள் காத்திருக்கக்கூடியது. சுத்தமான கன்றை நட்டாலும் மண்ணிலிருந்து ஏறிவிடும். ரஸ்தாளி பல ஊர்களில் அருகியதற்கு அதுவே காரணம். அதன் புதிய வகையான டிஆர்4, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கால்வைத்துவிட்டது. கிராண்ட் நைனையும் அது விடாது. ஆஸ்திரேலியாவில் காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கேவண்டிஷ் ரகத்துக்கு 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது. அது மரபணு மாற்றுப் பயிர். அந்த வழி வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தால், மாற்று வழியை நாமே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். வாடலைத் தாங்க எந்த மரபணுவைத் திருத்த வேண்டும் என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. அது தீரும் நாளில் செல்லை எழுப்பும் கை தயாராக இல்லையென்றால், அன்று தொடங்கிப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

காப்புரிமைக் கவலை மீதமிருக்கிறது. கிரிஸ்பர் கருவிகளின் உரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கின்றன. சுவர் நீக்கிச் செல் வளர்க்கும் அடிப்படை முறை அப்படியல்ல. அறுபது ஆண்டுகளாக வெளியாகிவரும் கட்டுரைகளில் யாரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. நாளை வேறு வெட்டுக் கருவி, உரிமைச் சிக்கல் இல்லாத நம் கருவி வந்தாலும் இதே செல்தான் அதை ஏற்கும். இந்தியாவில் எதையாவது முதலில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமென்றால், அது இந்தத் திறமைதான். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். கிருமியற்ற அறை, நல்ல நுண்ணோக்கி, மையவிலக்கி, தடையில்லா மின்சாரம், உள்நாட்டிலேயே செய்த நொதி, இவற்றுக்கு மேலாக மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படாத தொழில்நுட்ப ஊழியர்கள். செல் வளர்ப்பு வாரத்துக்கு ஒருமுறை ஊடகம் மாற்றக் கேட்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்கும். ஒப்பந்தப் பணியாளர் விலகிய மாதத்தில் இரண்டு வருட வளர்ப்பு செத்துப்போகும்.

தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடும் மாநிலம். வரும் அறிக்கையில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில், திருச்சி வாழை மையத்தோடு இணைந்து, ரஸ்தாளி, பூவன், விருபாட்சி மூன்றுக்கும், பின்னர் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் சுவரற்ற செல்லிலிருந்து செடி எழுப்பும் நிரந்தரப் பிரிவு ஒன்றைப் பத்தாண்டு நிதி உறுதியோடு அறிவிக்க வேண்டும். அதன் தோல்விகள் உட்பட எல்லாத் தரவும் தமிழிலும் வெளியாக வேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். வாழை விவசாயிகள் சங்கங்கள் அடுத்த முறை அமைச்சரைச் சந்திக்கும்போது, காப்பீடும் கொள்முதல் விலையும் கேட்கும் மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கொடுங்கள்.